கிளிப் என்றால் தலையில் மாட்டுவது இல்லை!



போன மாதம் இதே சுவரில் "அறிவோம் ஆங்கிலம்" பகுதியில், எழுதும்போது வந்து படிக்கும்போது வராத எழுத்துகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இந்த மாதம் என் முறை. நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஒரு சொல்லுக்கு முழு சார்ட் பேப்பரா என்று கேட்காதீங்க. அந்த ஒரு சொல் என்னை ரெண்டு ராத்திரி தூங்க விடல.

அந்தச் சொல் கிளிப். ஜி, எல், ஐ, பி என்று நாலே எழுத்து. தமிழில் எழுதினால் தலையில் மாட்டுகிற ஹேர் கிளிப்பும் இதுவும் ஒரே மாதிரி ஆகிவிடும். அதனால் கவனமாகக் கேளுங்க. ஹேர் கிளிப்புக்கு முதல் எழுத்து கேட் என்ற பூனைக்கு வருகிற சி. இதற்கு கோட் என்ற ஆட்டுக்கு வருகிற ஜி. ஹேர் கிளிப்புக்குக் கடைசி எழுத்து பென்னுக்கு வருகிற பி. இதற்கு பால் என்ற பந்துக்கு வருகிற பி. எங்க ஆயாவிடம் நான் இந்தச் சொல்லைச் சொன்னபோது, "கிளிப்பு வாங்கவாடி காசு கேக்கற?" என்றுதான் கேட்டது.

இந்தச் சொல் என்னிடம் வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளியில் நடந்த ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் நான் இரண்டாம் பரிசு வாங்கினேன். தலைப்பு "இயற்கைப் பேரிடர்". வேறு ஊர்ப் பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியர் நடுவராக வந்திருந்தார். போட்டி முடிந்து மார்க் தாளைக் கையில் கொடுத்தார்கள். உச்சரிப்பு நன்று, குரல் நன்று, என்று வரிசையாக எழுதி, கடைசியில் "கொஞ்சம் கிளிப்" என்று எழுதியிருந்தார். எனக்கு அர்த்தம் தெரியல. வீட்டில் இருக்கிற சின்ன ஆங்கிலம் - தமிழ் அகராதியைப் பார்த்தேன். "சரளமாகப் பேசுகிற" என்று போட்டிருந்தது. அவ்வளவுதான்! எனக்குத் தலைகால் புரியல. அம்மாகிட்ட சொன்னேன், பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொன்னேன், வகுப்பில் எல்லார்கிட்டயும் தாளைக் காட்டினேன். முதல் பரிசு வாங்கினவளுக்குக் கூட இப்படி எழுதல, எனக்குத்தான் எழுதியிருக்காங்க என்று பெருமை வேறு.

மறுநாள் எங்க இங்கிலீஷ் டீச்சரிடம் காட்டினேன். டீச்சர் சிரிக்கல. "உட்காரு" என்று சொல்லி, நூலக அறையிலிருந்து பெரிய அகராதியை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து என்னையே படிக்கச் சொன்னாங்க. சரளமாகப் பேசுவது என்பது அதில் பாதிதான். மீதிப் பாதி, யோசிக்காமல், மனசில் இல்லாமல் பேசுவது! இது பாராட்டு இல்லை, குறையாகச் சொல்வது என்று சொல்லுக்குப் பக்கத்திலேயே குறிப்பும் போட்டிருந்தது. அப்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். நாலு அகராதி வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் சின்ன அகராதியில் இருக்கும், அதை நம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியக் கூடாது என்று டீச்சர் சொன்னாங்க.

சரி, சொல்லுக்கு வருவோம்.

கிளிப் என்பது ஆங்கிலத்தில் ஏறக்குறைய 1590களில் வந்த சொல். அப்போது அதற்குப் பேச்சோடு மட்டும் சம்பந்தம் இல்லை. வழவழப்பானது, வழுக்குகிறது என்று அர்த்தம். டச்சு மொழியிலும் வட ஜெர்மன் வட்டார மொழியிலும் இதே போன்ற ஒரு சொல்லுக்கு வழுக்கல் என்றே பொருள். பாசி பிடித்த படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நம் வேங்கிக்கால் ஏரியில் தண்ணீர் நிரம்பிய வருஷம் கரைக் கல்லில் கால் வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் முதல் அர்த்தம். கால் வழுக்குவது போல நாக்கு வழுக்கிக்கொண்டு போனால் அதுவும் கிளிப் என்று ஆகிவிட்டது. இப்போது கல்லுக்கும் படிக்கட்டுக்கும் இந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை, பேச்சுக்கு மட்டும்தான்.

இதில் எனக்கு ஒரு ஆச்சரியம். நம் தமிழிலும் மனசில் இல்லாததைப் பேசிக் காரியம் சாதிப்பதற்கு என்ன சொல்கிறோம்? "ஐஸ் வைக்கிறான்", "சோப்பு போடுறான்". ஐஸும் வழுக்கும், சோப்பும் வழுக்கும்! அந்த ஊர்க்காரர்களுக்குத் தோன்றியதே நமக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் இந்த ரெண்டும் முகஸ்துதிக்குத்தான் பொருந்தும். கிளிப் என்பது முகஸ்துதி மட்டும் இல்லை. வாய்ஜாலம், வாய்ப்பந்தல், பசப்பு, இதெல்லாம் கிட்டத்தில் வருகிறது. "வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு" என்று ஆயா சொல்லும். பேச்சு இனிக்கும், செய்கை அரிக்கும் என்று அர்த்தம். இதுவும் கிட்டத்தில்தான். ஒரே வார்த்தையில் சரியாகப் பொருந்துகிற மாதிரி எனக்கு எதுவும் அகப்படவில்லை.

இந்தச் சொல்லைப் புகழ்பெற வைத்தவர்களில் ஷேக்ஸ்பியரும் ஒருவர். அவருடைய கிங் லியர் நாடகம் 1605, 1606 வாக்கில் எழுதப்பட்டது. 1606 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்து அரசர் ஜேம்ஸ் முன்னால் அதை நடித்தார்கள். கதை இதுதான். லியர் என்ற கிழட்டு ராஜாவுக்கு மூணு பெண்கள். நாட்டைப் பிரித்துக் கொடுக்கப் போகிறார். கொடுப்பதற்கு முன்னால், "என்மேல் யாருக்கு எவ்வளவு பாசம், சொல்லுங்கள்" என்று சபையில் வைத்துக் கேட்கிறார். (எனக்கு இதுவே பேச்சுப் போட்டி மாதிரிதான் தெரிகிறது. பரிசு மட்டும் பெரிசு, மூணில் ஒரு பங்கு நாடு!) மூத்தவள் கோனெரில் பொழிந்து தள்ளுகிறாள். அடுத்தவள் ரீகன், அக்கா சொன்னது போதாது என்று அதற்கு மேல் பொழிகிறாள். கடைக்குட்டி கார்டீலியாவுக்கு அப்படிப் பேச வரல. மகளுக்கு அப்பா மேல் எவ்வளவு பாசம் இருக்கணுமோ அவ்வளவு இருக்கு, கூடவும் இல்ல குறையவும் இல்ல என்கிற மாதிரி சொல்கிறாள். ராஜாவுக்குக் கோபம் வந்து, அவள் பங்கையும் அக்காமார்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டு அவளைத் துரத்திவிடுகிறார். அந்த இடத்தில்தான் கார்டீலியா, தனக்கு அந்தப் பேச்சுக்கலை இல்லை என்று சொல்லும்போது கிளிப் என்ற சொல்லைச் சொல்கிறாள். அதோடு எண்ணெய்ப் பிசுக்கு என்று பொருள் வரும் சொல்லையும் சேர்த்துச் சொல்கிறாள்.

அப்புறம் என்ன ஆகிறது? ராஜா தனக்கென்று 100 வீரர்களை வைத்துக்கொண்டு ரெண்டு பெண்கள் வீட்டிலும் மாறி மாறித் தங்குவதாகப் பேச்சு. ஒருத்தி 50 பேர் போதும் என்கிறாள். இன்னொருத்தி 25 போதும் என்கிறாள். கடைசியில் ஒருத்தர் கூட எதற்கு என்கிறார்கள். புயல் மழையில் கிழவர் வெளியே போகிறார், கதவைச் சாத்திவிடுகிறார்கள். பாசத்தை வாயால் அளந்தவர்கள் ஆளை எண்ணிக் குறைத்ததைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்க தெருவில் கூட பத்திரம் எழுதும் வரைக்கும் ஒரு பேச்சு, எழுதின பிறகு ஒரு பேச்சு என்று நடந்திருக்கிறது. அதை நான் எழுதப் போவதில்லை, ஆயா அடிக்கும்.

இப்போது இந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துவது? ஆளுக்கும் சொல்லலாம், அவர் பேச்சுக்கும் சொல்லலாம், அவர் சொன்ன பதிலுக்கும் சொல்லலாம். கிளிப் டாக்கர் என்றால் வழவழ என்று பேசி மழுப்புகிற ஆள். கிளிப் ஆன்சர் என்றால் யோசிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்த பதில். அப்படிப் பேசினான் என்பதற்கு கிளிப்லி, அந்தக் குணத்துக்கு கிளிப்னெஸ். முக்கியமாக ஒன்று. நம்மில் நிறைய பேர் செய்யக்கூடிய தப்பு, நன்றாகப் பேசுகிறவரைப் பாராட்ட இந்தச் சொல்லைப் போடுவது. பாராட்ட வேண்டுமென்றால் ஃப்ளூயன்ட் என்று சொல்லுங்கள். அது லத்தீனில் "ஓடுதல்" என்ற பொருளிலிருந்து வந்தது, தண்ணீர் ஓடுவது போலத் தடையில்லாமல் பேசுவது. கேட்பவர் மனசைத் தொடுகிற மாதிரி பேசினால் எலக்வென்ட். லொட லொட என்று பேசிக்கொண்டே இருந்தால் டாக்கட்டிவ். தலைமை ஆசிரியருக்குக் கடிதம் எழுதும்போது "நீங்கள் மிகவும் கிளிப்பாகப் பேசினீர்கள்" என்று எழுதிவிட்டு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

திருவள்ளுவரும் இந்த ரெண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார். சொல்வன்மை என்று 65-ஆவது அதிகாரம் இருக்கிறது, அது பேச்சுத் திறமைக்கு. பயனில சொல்லாமை என்று 20-ஆவது அதிகாரம் இருக்கிறது, அது வெறும் பேச்சைக் கண்டிப்பதற்கு. ரெண்டிலும் பத்துப் பத்துக் குறள். ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றைப் படித்தால் வித்தியாசம் தெரியும்.

ஒரு சந்தேகம் வரும். கிளிப்பாகப் பேசுவது என்றால் பொய் சொல்வதா? அப்படி இல்லை. இதைத்தான் நான் டீச்சரிடம் ரொம்ப நேரம் கேட்டேன். பொய் சொல்கிறவன் திக்கித் திணறியும் சொல்வான். திக்கிப் பேசுகிறதெல்லாம் உண்மையும் கிடையாது. கிளிப்பாகப் பேசுகிறவர் சொல்வது எல்லாமே உண்மையாகக் கூட இருக்கலாம். ஆனால் அந்த வார்த்தைக்கும் அவர் மனசுக்கும் ஒட்டு இருக்காது. கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் ஒட்டு இருக்காது.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் கிரிவலப் பாதையில் இருக்கிறது. பௌர்ணமி அன்று எங்க அம்மா அங்கே சுண்டல் கடை போடும், நானும் கூடப் போவேன். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர், ராத்திரி முழுக்க ஜனம் நடந்துகொண்டே இருக்கும். எங்க கடைக்குப் பக்கத்தில் ஒரு அண்ணன் ருத்ராட்சம் விற்பார். அவர் பேச்சு எனக்கு மனப்பாடம். வருகிற எல்லாரிடமும் ஒரே பேச்சுதான், மூச்சு விடுகிற இடம் கூட ஒன்றுதான். ஒரு தடவை ஒரு காலேஜ் பையன், "இது எத்தனை முகம்ண்ணே? இதுதான் ஒரு முகம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டான். ருத்ராட்சத்தில் ஐந்து முகம்தான் நிறையக் கிடைக்கும், ஒரு முகம் கிடைப்பது அரிது என்பார்கள். அதனால் அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி. அண்ணன் ஒரு நொடி கூட யோசிக்கல. "முகத்துல என்ன தம்பி இருக்கு, மனசுல நம்பிக்கை இருந்தா போதும்" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். கேட்கிறதுக்கு எவ்வளவு அழகா இருக்கு! ஆனால் கேட்ட கேள்வி அங்கேயே கிடக்கு. இதுதான் கிளிப் ஆன்சர். அந்த அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். மழை வந்தால் எங்க தார்ப்பாயையும் சேர்த்துப் பிடிப்பார். ராத்திரி முழுக்க ஒரே பேச்சைப் பேசினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும் போல.

இதைவிடப் பெரிய சேதமும் உண்டு. எங்க தெருவுக்குத் தீபாவளிச் சீட்டு பிடிக்க ஒருத்தர் வருவார். மாதம் 500 ரூபாய் கட்டினால் தீபாவளிக்கு வெள்ளிக்காசு, எண்ணெய், பருப்பு, பட்டாசு எல்லாம். ஆயா மட்டும், "ரசீது எங்கப்பா?" என்று கேட்டது. "ஆயா, உங்க பேரன் மாதிரி என்னை நெனச்சிக்கோங்க, பேரனுக்கு ரசீது கேப்பீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், ஆயாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தத் தீபாவளிக்கு அவர் வரவே இல்லை. அம்மா பத்து மாதம் கட்டியிருந்தது. 5,000 ரூபாய் என்றால் எத்தனை பௌர்ணமி சுண்டல் என்று நான் கணக்குப் போட்டேன், அம்மாவிடம் சொல்லல.

தமிழ்நாடு முழுக்க இப்படி நடந்திருக்கிறது. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் என்று சொன்னதை நம்பி நிறைய பேர் ஏமாந்தார்கள். ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்ற நிறுவனத்தை 2022 மே மாதம் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸார் சோதனை போட்டார்கள். 1 லட்சம் பேருக்கு மேல், சுமார் 2,438 கோடி ரூபாய் கட்டியிருந்ததாக போலீஸ் சொன்னது. நம் மாவட்டத்திலும் பணம் கட்டினவர்கள் உண்டு. மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்று பேச்சு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 லட்சம் கட்டினால் மாதம் 30,000. நாலே மாதத்தில் 1,20,000. கட்டின பணமும் வந்து அதற்கு மேலும் வந்துவிடுகிறது. எந்த வியாபாரத்தில் இவ்வளவு லாபம் வரும்? புதிதாகச் சேருகிறவர்கள் பணத்தை எடுத்துப் பழைய ஆட்களுக்குக் கொடுத்தால்தான் முடியும், சேருகிறவர்கள் குறைந்தால் அன்றைக்கே நின்றுவிடும். ஏழாம் வகுப்புக் கணக்குதான் இது. ஆனால் பேச்சு வழுக்கிக்கொண்டு போகும்போது நடுவில் நிறுத்திக் கணக்குப் போட யாருக்கும் தோன்றுவதில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு என் கதையை மறைத்தால் அதுவே கிளிப் ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

அந்தப் போட்டியில் நான் நம் ஊரில் நடந்த நிலச்சரிவைப் பற்றிப் பேசினேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. மறுநாள் டிசம்பர் 1, இங்கே விடாத மழை. அன்றைக்குத்தான் அண்ணாமலையார் மலையிலிருந்து பாறையும் சேறும் சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தது. 7 பேர் இறந்துபோனார்கள், அதில் குழந்தைகளும் இருந்தார்கள். இதைத்தான் நான் மேடையில் பேசினேன். எப்படிப் பேசினேன்? இயற்கை நம் தாய் என்று ஆரம்பித்தேன். நாடே கண்ணீர் வடித்தது என்றேன். கையை மேலே தூக்கி மலையைக் காட்டினேன், "கண்ணீர்" என்கிற இடத்தில் குரலை இறக்கினேன். எல்லாம் கைடு புத்தகத்தில் வேறு ஏதோ ஊர் நிலநடுக்கத்துக்கு எழுதியிருந்தது. நிலநடுக்கத்தை எடுத்துவிட்டு நிலச்சரிவைப் போட்டேன், ஊர் பேரை மாற்றினேன். அவ்வளவுதான் நான் செய்த வேலை.

எங்க வகுப்பில் ஒரு தோழி இருக்கிறாள். அந்தத் தெருவுக்கு நாலு தெரு தள்ளி அவள் பெரியம்மா வீடு. டீச்சர் அர்த்தம் சொன்ன அன்றைக்கு சாயங்காலம் அவளிடம் போய், "என் பேச்சு எப்படிடீ இருந்துச்சி?" என்று கேட்டேன். அவள், "நல்லாத்தான் இருந்துச்சி. ஆனா நீ எந்த ஊரப் பத்திப் பேசறன்னு கொஞ்ச நேரம் எனக்குப் புரியல" என்றாள். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. அவள் கோபமாகவே சொல்லல.

அப்புறம் அவள்தான் சொன்னாள். அன்றைக்குத் தெருவில் சேற்றுத் தண்ணீர் சிவப்பாக ஓடியதாம். பெரியம்மா வீட்டில் கரண்ட் இல்லாமல் ராத்திரி முழுக்க எல்லாரும் உட்கார்ந்தே இருந்தார்களாம், மலைப் பக்கம் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு ஓடுவதற்காக. அப்புறம் ரொம்ப நாளைக்கு மழை பெய்தால் பெரியம்மா மகன் தூங்க மாட்டானாம். இன்னும் கொஞ்சம் சொன்னாள். அதை மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன். "அத மட்டும் வேணாம்" என்றாள். சரி என்றேன். முன்னால் எழுதினதை மட்டும் எழுதலாம் என்று அவளே சொன்னாள், இந்தத் தாளையும் அவள் படித்துவிட்டாள்.

அடுத்த சுற்றுப் போட்டிக்கு என்னையும் அனுப்புகிறார்கள். பேச்சை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கைடை மூடி வைத்துவிட்டேன். மூணு நிமிஷம் பேச வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு நிமிஷம் நாற்பது நொடிக்குத்தான் வருகிறது, அதிலும் ரெண்டு இடத்தில் திக்குகிறது. ஆங்கிலத்தில் "சேறு" என்ற சொல் வருகிற இடத்தில்தான் முதல் தடவை திக்குகிறது, ஏன் என்று தெரியல. டீச்சர், "திக்கினா திக்கட்டும், நடுவுல கைடு வாக்கியம் மட்டும் வந்துச்சின்னா பாத்துக்கோ" என்று சொல்லியிருக்காங்க.

உங்கள் தெருவில், உங்கள் ஆயா தாத்தா பேச்சில், மனசில் ஒட்டாத இந்த வழவழப் பேச்சுக்கு ஒரே வார்த்தை ஏதாவது இருந்தால், ஒரு துண்டுத் தாளில் எழுதி நூலக அறை வாசலில் இருக்கும் பெட்டியில் போடுங்கள். அடுத்த மாதம் எல்லாவற்றையும் இங்கே எழுதி ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
வேங்கிக்கால்.